ஓசூர்ச் சாலையின் உண்டிச்சாலைகள்

நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலருக்கு வட்டார வரலாறு குறித்து ஒரு கட்டுரை தரவேண்டும் என்று நண்பர்கள் பணித்தபோது, தகடூர் அதியமானைப் பற்றியோ பாரமகாலின் கோட்டைகளைப் பற்றியோ எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருக்கக் கூடும். இரண்டும் எழுதத் தக்கவையே. ஆயினும் பர்கூரிலிருந்து ஓசூருக்கு முப்பது ஆண்டுகளாகப் பேருந்தில் போய்வரும் எனக்கு, அச்சாலையின் இருமருங்கிலும் முளைத்தும் மறைந்தும் பெயர் மாறியும் நிற்கும் சாப்பாட்டுக் கடைகளைவிடத் தெளிவான வரலாற்று ஏடு வேறொன்றும் கண்ணில் படவில்லை. கோட்டைகள் யார் ஆண்டார்கள் என்பதைச் சொல்லும். யார் வந்தார்கள், எங்கிருந்து வந்தார்கள், யார் உள்ளே அமர்ந்தார்கள், யார் வெளியே நின்றார்கள் என்பவற்றைச் சாப்பாட்டுக் கடைகளே சொல்லும்.

இலக்கிய மலரில் ஓட்டல்களுக்கு என்ன வேலை என்று கேட்பவர்க்கு மலைபடுகடாத்தை நினைவூட்டுவேன். செங்கண்மாத்து நன்னனைக் காணச் செல்லும் கூத்தர்க்கு வழி சொல்லும் அப்பாட்டு, எந்த ஊரில் எவர் என்ன சோறு இடுவர் என்பதையும் வரிசையாகச் சொல்கிறது. மூங்கிலரிசியும் அவரை விதையும் புளியும் சேர்ந்த உணவு ஒன்று அதில் வருகிறது. அச்செங்கண்மாவே இன்றைய செங்கம். கிருஷ்ணகிரியில் பேருந்து ஏறி ஊத்தங்கரை வழியாகத் திருவண்ணாமலை போகிறவர்கள் அவ்வூரைக் கடந்துதான் போகிறார்கள். பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்களே. வழியும் சோறும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பது நம் முன்னோர்க்குத் தெரிந்திருந்தது. மார்கழி, தை மாதங்களில் ஓசூர்ச் சந்தையில் அவரைக்காய் குவிந்து கிடக்கும் மணம், அந்தப் பழம்பாட்டுக்கும் நமக்கும் இடையிலுள்ள தொலைவைச் சற்றே குறைத்துவிடுகிறது.

ஓசூர் என்ற பெயர் கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள்படும். நம் பக்கத்துப் புதூர்களுக்கு அது உடன்பிறப்பு. ஆனால் ஊர் பழையது. சந்திரசூடேசுவரர் கோயில் கொண்ட குன்றும், ஒய்சள மன்னன் இராமநாதன் குந்தாணியில் இருந்து ஆண்ட பதின்மூன்றாம் நூற்றாண்டும் அதற்குச் சான்று. 1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாரமகால் கும்பினியார் கைக்கு வந்தது. திப்பு வீழ்ந்த 1799-இல் ஓசூர்ப் பகுதியும் வந்தது. பின்னர் நெடுங்காலம் சேலம் மாவட்டத்தின் வடகோடி. 1965 முதல் தருமபுரி மாவட்டம். 2004 முதல் கிருஷ்ணகிரி மாவட்டம். 1956-இல் மொழிவழி மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோது, தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தெருவில் பேசப்படும் இவ்வூர் சென்னை மாநிலத்தில் நின்றது. கோடு வரைபடத்தில் விழுந்ததே அன்றி அடுப்பங்கரையில் விழவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று, மானாவாரி மண். இம்மண்ணில் கேழ்வரகும் கொள்ளும் அவரையும் விளைந்தன. ஏரிக்கரையை ஒட்டிய ஊர்களில் நெல் விளைந்தாலும், அரிசிச் சோறு பலருக்குப் பண்டிகைச் சோறாகவே இருந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தை உலுக்கியது. பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு செல்லப் பாதை வேண்டும் என்ற எண்ணத்தில் பிற்காலத்தில் குறுகிய இருப்புப்பாதைகள் போடப்பட்டன. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-இல் ஒன்று. மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-இல் தொடங்கி 1913-இல் ஓசூரை எட்டியது மற்றொன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1941-இல், இரண்டும் நிறுத்தப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. ஓசூருக்குப் பின்னாளில் சேலம்–பெங்களூர்ப் பாதை வாய்த்தது. கிருஷ்ணகிரியோ மாவட்டத் தலைநகரான பின்னும் புகைவண்டி நிலையம் இல்லாத ஊராகவே இருக்கிறது.

இதை இழப்பென்றே சொல்லி வருகிறோம். இழப்புதான். ஆனால் நம் பகுதியின் உண்டிச்சாலைகள் இந்த இழப்பிலிருந்தே எழுந்தன என்பது என் கருத்து. தண்டவாளம் போனபின் எல்லாம் சாலையின் கைக்கு வந்தது. சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் சாலையும், வடக்கே காசி தொடங்கித் தெற்கே குமரி வரை ஓடும் சாலையும் கிருஷ்ணகிரியில் சந்திக்கின்றன. ஆந்திரத்துக்கும் புதுவைக்கும் அங்கிருந்தே கிளைகள் பிரிகின்றன. லாரியோட்டி எங்கேயாவது இறங்கித்தான் ஆகவேண்டும். கயிற்றுக் கட்டில், முகம் கழுவத் தொட்டித் தண்ணீர், நள்ளிரவிலும் அணையாத அடுப்பு ஆகிய மூன்றும் இருந்தால் கடை நடந்தது. சுவை நான்காவதாகவே வந்தது.

இக்கடைகளின் வாசலைப் பற்றியும் பேசவேண்டும். 1937 அக்டோபர் முதல் நாள், சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. அதனைக் கொணர்ந்த முதலமைச்சர் இராசாசி, பெரும்பஞ்சம் ஓய்ந்த ஆண்டான 1878-இல் ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். கள்ளுக்கடைகள் மூடப்பட்டபின் மாலை வேளையில் ஆண்கள் கூடிப் பேசும் இடமாகத் தேநீர்க்கடை வளர்ந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவருடைய ஆட்சிக் காலத்திலேயே, 1938-இல், பொது இடங்களில் தீண்டாமை பாராட்டுவதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. 1950-இல் அரசியலமைப்பும் 1955-இல் மற்றொரு சட்டமும் அதனை மேலும் வலுவாக்கின. சட்டம் வந்தது. குவளை மாறவில்லை. எங்கள் ஊர்ப்பக்கத் தேநீர்க்கடை ஒன்றின் பின்புறக் கம்பத்தில் தனியாகத் தொங்கிய அலுமினியக் குவளையை என் சிறுவயதில் நானே பார்த்திருக்கிறேன். குடித்தவரே அதைக் கழுவி மாட்டவேண்டும். அதே மனிதர் பேருந்தேறி நெடுஞ்சாலைக் கடைக்குச் சென்றால், எவரும் எவரையும் அறியாத அவ்விடத்தில், நீள்விசைப் பலகையில் அமர்ந்து எவர்சில்வர்க் குவளையில் குடித்து வருவார். ஊர்க்கடை தராத இருக்கையை, பெயர் தெரியாத சாலைக்கடை தந்தது. இச்சாலையின் ஓட்டல்கள்மீது எனக்குள்ள மதிப்பின் முதற் காரணம் அதுவே. பிரியாணி அதற்குப் பின்னரே.

1971-இல் தமிழ்நாட்டில் சிப்காட் நிறுவப்பட்டது. அந்தப் பத்தாண்டிலேயே ஓசூரில் தொழிற்பேட்டை எழுந்தது. பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர் அணிமை, மலிந்த நிலம், பின்தங்கிய பகுதிக்கான சலுகை என்று காரணங்கள் பல. 1980-இல் அசோக் லேலண்டின் ஆலை. அதே ஆண்டில் டி.வி.எஸ். 50 வண்டி. பத்தாண்டு முடிவதற்குள் டைட்டன் கைக்கடிகாரம். நாடெங்கும் ஓடிய சிறு வண்டிகளுக்கும், நாடெங்கும் மணி காட்டிய கடிகாரங்களுக்கும் பிறப்பிடமாகிய ஓசூர், தான் மட்டும் ஒரு சிற்றூரின் தெருக்களோடே நெடுநாள் இருந்தது. 2001-இல் 84 ஆயிரம் பேர் வாழ்ந்த நகரத்தில் 2011-இல் 1,16,000-க்கு மேற்பட்டோர். 2019-இல் மாநகராட்சி. 2024-இல் பன்னாட்டு விமான நிலையம் அமையும் என்ற அறிவிப்பு. பெங்களூரின் புறநகர் என்று அதனைச் சொன்னால் ஓசூர்க்காரர்களுக்குக் கோபம் வரும். ஆனால் காலையில் அத்திப்பள்ளியை நோக்கிச் செல்லும் வண்டிகளின் வரிசையைப் பார்த்தவர் வேறென்ன சொல்வார்?

இவ்விடத்தில் ஒரு செய்தி பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் உணவகம் அமைக்கச் சொன்னது. ஆகவே ஓசூரின் மிகப் பெரிய சாப்பாட்டுக் கடைகளுக்குப் பெயர்ப்பலகையே கிடையாது. சுற்றுச்சுவருக்குள், முறைவேலைச் சங்கு ஊதும் நேரத்தில், ஆயிரக்கணக்கான தட்டுகள் ஒரே சமயத்தில் நிரம்புகின்றன. கேன்டீன் என்று எல்லாரும் சொல்லும் அவ்விடந்தான், களி உண்டு வளர்ந்த உழவர் வீட்டுப் பிள்ளைகளை அன்றாட அரிசிச் சோற்றுக்கும் சாம்பாருக்கும் பழக்கியது. எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே தட்டில் வாங்கி உண்ணும் பழக்கத்தையும் அதுவே தந்தது. நம் ஊர்களின் சமபந்தி விருந்துகள் ஆண்டுக்கு ஒருநாள் செய்ததைக் கேன்டீன் நாள்தோறும் செய்தது. இதைப் பற்றி எந்தத் தல வரலாற்றிலும் ஒரு வரி இல்லை.

ஆலைக்கு வந்தவர்கள் தனியாகவே முதலில் வந்தார்கள். அறை எடுத்துத் தங்கிய இளைஞர்களுக்காக மெஸ்கள் தோன்றின. மாதக் கணக்கு, நோட்டுப் புத்தகத்தில் கோடு, ஞாயிறு இரவு விடுமுறை. வந்தவர் எந்த ஊரோ அந்த ஊர்க் குழம்பு கொதித்தது. மதுரைப் பக்கத்து வடக்கம்பட்டியார் நாடெங்கும் பரப்பிய முனியாண்டி விலாஸ் வகை அசைவக் கடைகள் தெற்கிலிருந்து வந்தன. மேற்குக் கடற்கரையிலிருந்து பெங்களூர் வழியாக உடுப்பி ஓட்டல் வந்தது. சாம்பாரில் வெல்லம் போடும் அதன் வழக்கத்தை நம்மவர் முதலில் ஏசினர். பின்னர் அதைத் தேடிப் போய் உண்டனர். பருப்புப்பொடியும் கோங்குராவும் கொண்ட ஆந்திரச் சாப்பாடு வடகிழக்கிலிருந்து இறங்கியது. அண்மைக் காலத்தில் கைப்பேசி உறுப்புகளும் மின்வண்டிகளும் செய்யும் ஆலைகள் தேன்கனிக்கோட்டை, போச்சம்பள்ளிப் பக்கங்களில் எழுந்தபின், வடமாநில இளைஞர்களும் பெண்களும் திரளாக வந்துள்ளனர். தள்ளுவண்டியில் இட்லி விற்ற இடத்தில் மாலையில் ரொட்டி சுடுகிறார்கள். நம் பர்கூரிலும் இந்நிலைதான். மொத்த விலைத் துணிக் கடைகளால் குட்டிச் சூரத்து என்று பெயர் பெற்ற நம் ஊருக்கு, ஆந்திர, கன்னட வணிகர்கள் வந்திறங்கும் நாள்களில் தோசைக் கல்லுக்கு ஓய்வில்லை. (எழுத வந்ததால் ஒரு பிழையையும் திருத்திவிடுகிறேன். பர்கூர் மாடு என்று புகழ்பெற்ற செந்நிற மாட்டினம் நம் ஊரதன்று. ஈரோடு மாவட்டத்து அந்தியூருக்கு மேலுள்ள பர்கூர் மலையினது. வெளியூர் நண்பர்கள் மாடு கேட்டு வருவதை நிறுத்தலாம்.)

பிரியாணி பற்றிப் பேசாமல் போனால் இளைஞர்கள் மன்னிக்க மாட்டார்கள். நம் ஊருக்குக் கிழக்கே அதே சாலையில் வாணியம்பாடியும் ஆம்பூரும் உள்ளன. ஆர்க்காட்டு நவாபுகளின் அடுப்பங்கரை மரபிலிருந்து வந்ததெனக் கூறப்படும் சீரகச் சம்பா பிரியாணியும், உடன் வரும் புளிப்பான கத்தரிக்காய்த் தொக்கும் அவற்றின் அடையாளம். வடக்கிலிருந்து பெங்களூரின் தொன்னை பிரியாணி வருகிறது. புதினாவும் கொத்துமல்லியும் அரைத்துச் சேர்த்துப் பச்சை நிறம் காட்டும் அது, இலையில் தைத்த தொன்னையில் இடப்படுவதால் அப்பெயர் பெற்றது. இந்த இரண்டும் ஓசூரில் எதிரெதிர்க் கடைகளில் சந்திக்கின்றன. தொன்னை என்ற சொல் நமக்கும் உரியது என்பதால், எவர் எவரிடமிருந்து பெற்றார் என்ற வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை. கிருஷ்ணகிரி அணைக்கரையில் மிளகாய்த்தூள் பூசி வறுக்கும் மீனை மட்டும் இவ்வழக்கில் சேர்க்காமல் தனியாக வைத்துவிடுகிறேன். 1957-இல் திறக்கப்பட்ட அவ்வணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பெரும்பாலோர் வாணலியைத்தான் பார்க்கிறார்கள்.

எல்லையூரின் பசி வேறு வகையானது. ஜூஜூவாடியில் தமிழ்நாடு முடியும்; அத்திப்பள்ளியில் கருநாடகம் தொடங்கும். வணிகவரிச் சோதனைச் சாவடியில் மணிக்கணக்கில் நின்ற லாரிகளை நம்பிப் பல கடைகள் வாழ்ந்தன. 2017 சூலை முதல் நாள் சரக்கு, சேவை வரி வந்தது. சாவடிகள் எடுக்கப்பட்டன. நாட்டின் வணிகத்துக்கு நல்லது என்றார்கள், இருக்கலாம். ஒரு தாளில் எழுதிய சட்டத்தால் தோசைக்கல் ஆறிப்போவதையும் அவ்வாண்டு பார்த்தோம்.

அதற்கு முந்தைய ஆண்டில் பார்த்தது வேறு. 2016 செப்டம்பரில் காவிரி நீர்த் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டிகள் எரிக்கப்பட்டன. பேருந்துகள் எல்லையிலேயே நின்றன. பெட்டியைத் தலையிலும் பிள்ளையை இடுப்பிலும் சுமந்து, மக்கள் அத்திப்பள்ளியிலிருந்து ஜூஜூவாடிக்கு நடந்து வந்தார்கள். நானும் மறுபுறத்திலிருந்து உறவினர் ஒருவரை அழைத்துவரப் போய் நின்றேன். சாலையோரத்தில் ஒரு சிறு கடை திறந்திருந்தது. கடைக்காரர் வந்தவர்களிடம் கன்னடத்திலும் தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசித் தண்ணீர் கொடுத்துக் கொண்டிருந்தார். அவர் தாய்மொழி எது என்று எனக்கு அன்றும் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. 1991-இன் கலவர நாள்களில் அகதிகளாய் வந்தவர்களைக் கண்ட ஊர் இது. எல்லைக் கோடு இருக்கும் வரை அந்தக் கடைக்கு அந்த வேலையும் இருக்கும் போலும்.

இனி, இக்கட்டுரையை எழுதத் தூண்டிய பொருளுக்கு வருகிறேன். இத்தனை ஊர்ச் சோறும் ஓசூரின் பெயர்ப்பலகைகளில் ஏறின. ஓசூரின் சொந்தச் சோறு ஏறவில்லை.

தமிழர் அதைக் களி என்கிறோம். கன்னடர் முத்தே என்பர். தெலுங்கர் சங்கடி என்பர். உருண்டை ஒன்றே. பானையில் நீர் கொதிக்கும்போது நொய்யரிசி இட்டு வேகவிட வேண்டும். நொய் குழைந்ததும் கேழ்வரகு மாவை நடுவில் குன்றுபோல் கொட்டித் துடுப்பால் ஒரு துளை செய்து, மூடி, தீயைத் தணித்துக் காத்திருக்க வேண்டும். மாவு உள்ளே வெந்தபின்பே கிண்டலாம். அவசரப்பட்டால் கட்டி விழும். பானையை இரு கால்களால் அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டும் அம்மாவின் தோள்வலிமையைப் பற்றி எவரும் பாட்டெழுதவில்லை. ஈரக்கையால் உருட்டிய களியை விரலால் கிள்ளிக் கீரைக் கடைசலிலோ, கொள்ளுச்சாற்றிலோ, அவரைக்கொட்டைக் குழம்பிலோ தோய்த்து மெல்லாமல் விழுங்கவேண்டும். நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. அரிசியில் அதன் சிறு பங்குகூட இல்லை. இன்றும் தமிழ்நாட்டில் கேழ்வரகு மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் நம்முடையது முன்வரிசையில் நிற்கிறது.

ஆயினும் பள்ளி விடுதியில் தங்கிப் படித்த நாள்களில், வீட்டில் என்ன சாப்பாடு என்று கேட்ட உடன்பயின்றோர்க்கு நான் சோறு என்றே சொன்னேன். களி என்று சொன்னவனுக்குப் பட்டப்பெயர் கிடைத்தது. அரிசி உயர்வின் அடையாளம். 1967-இன் தேர்தலில் ரூபாய்க்கு ஒரு படி அரிசி என்ற முழக்கம் ஏன் அத்தனை ஆழமாக இறங்கியது என்பதைக் களி உண்டவர்கள் அறிவார்கள். 2008-இல் கிலோ ஒரு ரூபாய்க்கும், 2011 முதல் விலையின்றியும் நியாயவிலைக் கடையில் அரிசி கிடைத்தது. பஞ்சத்தின் நினைவு உள்ள மாவட்டத்தில் இதனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் கேழ்வரகு விதைத்தவன் அதை விற்றுவிட்டு அரிசி உண்ணத் தொடங்கினான். துடுப்புகள் பரணுக்குப் போயின. எல்லைக்கு அப்பால், பெங்களூர், மைசூர்ப் பக்கத்து மிலிட்டரி ஓட்டல்களில் முத்தேயும் ஆட்டுக்கறிக் குழம்பும் தலைமுறைகளாகப் பெருமையோடு பரிமாறப்பட்டு வந்தன என்பதையும் நோக்கவேண்டும். ஒரே உருண்டை, நாற்பது கிலோமீட்டரில் ஒன்று பெருமை, மற்றொன்று வெட்கம்.

நிலைமை மாறி வருகிறது. 2023-ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அவ்வாண்டே நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரும் திட்டம் தொடங்கியது. சர்க்கரை நோய்க்கு நல்லது என்று மருத்துவர்கள் சொல்லக் கேட்டு, கணினி நிறுவனங்களில் பணியாற்றும் இளைஞர்கள் களி உண்கிறார்கள். ஓசூர்ப் புறவழிச் சாலையில் களி பரிமாறும் கடைகள் இன்று உண்டு. தமிழ், கன்னடம், ஆங்கிலம் என மூன்று எழுத்திலும் பலகை எழுதிய ஒன்றை நானே கண்டேன். மகிழ்ச்சியோடு ஒரு வருத்தமும் கலந்தது. நாங்கள் வெட்கப்பட்டு மறைத்த ஆண்டுகளில் களி கிண்டத் தெரிந்த கைகள் பல ஓய்ந்துவிட்டன. இனி அது பிறருடைய ஆர்வத்தால் நமக்கே திரும்பி வரவேண்டிய பொருளாகிவிட்டது.

சென்ற தை மாதத்தில் என் தாயாரை அக்கடைக்கு அழைத்துச் சென்றேன். எண்பது வயதைக் கடந்தவர். ஓட்டலில் அமர்ந்து உண்பது அவர்க்கு அரிது. மண் சட்டியில் களியும் கிண்ணத்தில் அவரைக்கொட்டைக் குழம்பும் வந்தன. சுற்றிலும் பார்த்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்க அமர்ந்திருந்த பிள்ளைகள் களியை மென்று தின்பதைப் பார்த்துச் சிரித்தார். பின்னர் ஒரு வாய் கிள்ளித் தோய்த்து விழுங்கி, சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“நொய் போடலியேப்பா, வெறும் மாவைக் கிண்டியிருக்காங்க. அவரை நல்லாயிருக்கு” என்றார்.

விலை என்ன என்று கேட்டார். பாதியைச் சொன்னேன். அதற்கே, “ஒரு படி ராகி வாங்கியிருக்கலாமே” என்று எழுந்தவர், கை கழுவும் முன் சட்டியை மறுபடி பார்த்துவிட்டு, மிச்சமிருந்த உருண்டையை இலையில் கட்டித் தரச் சொன்னார்.